ஆள் போடுங்கள் முதலில்

உங்கள் கட்டுரையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியரின் இரக்கச் சோர்வு (பிறர் துன்பத்தைப் பார்த்துப் பார்த்தே மனம் களைத்து மரத்துப்போவது) பற்றி எழுதிவிட்டு, கடைசியில் 'யோகா செய்யுங்கள்' என்று முடித்திருக்கிறீர்கள். 1992இலேயே தாதியர் தொடர்பில் பேசப்பட்ட விஷயம் இது. இன்னும் யோகாதானா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவும் அப்படியொரு தாதிதான். இரவு வேலை முடிந்து வந்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் அப்படியே இருப்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். மைக்ரோவேவ் 'பீப்' என்றால் திடுக்கிடுவார். வென்டிலேட்டர் அலாரம் மாதிரிக் கேட்கிறதாம். ஒருநாள் சொன்னார்: "இண்டைக்கு ஒரு அம்மா போயிட்டா. எனக்கு அழுகையே வரேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கூட வேலை செய்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய முறையும் (இதைத்தான் கட்டுரை தொடவேயில்லை) இவர் தலையில்தான். மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கே, எடுத்துப் பாருங்கோ என்றேன். "எப்ப எடுக்கிறது?" என்று சிரித்தார்.