நியூஜெர்சி 2021: திருட்டு என்பது தவறு

2021-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் சிட்டரெல்லியை ஜனநாயகக் கட்சியின் மர்பி வென்றார். "இரவில் சிட்டரெல்லி முன்னிலை, விடிந்ததும் மர்பி முன்னிலை, அதனால் திருடிவிட்டார்கள்" என்று நம்மவர்கள் சிலர் சொல்கிறார்கள். நானும் குடியரசுக் கட்சிப் பக்கம்தான். ஆனால் இது சரியில்லை.

அந்த மாநிலத்தில் எல்லா கவுன்டிகளும் (மாவட்டம் போன்ற பகுதிகள்) ஒரே நேரத்தில் எண்ணி முடிப்பதில்லை. தபால் வாக்குகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகம். நம்மவர்கள் அதிகமும் நேரில் போய் வாக்களித்தார்கள். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த தபால் வாக்குகள் சில நாள் கழித்து வந்தாலும் செல்லும் என்பது சட்டம். பிறகு முன்னிலை மாறாமல் என்ன செய்யும்? சிட்டரெல்லியே நவம்பர் 12 அன்று தோல்வியை ஏற்றுக்கொண்டார், மோசடிக்கு ஆதாரம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அதே எண்ணிக்கையில்தான் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மாநில செனட் (மேலவை) தலைவர் ஸ்வீனியை நம் கட்சியின் எட் டர் என்ற லாரி ஓட்டுநர் வீழ்த்தினார். அப்போது ஸ்வீனியும் ஏதோ ஒரு கவுன்டியில் 12,000 வாக்குகள் புதிதாகக் கிடைத்தன என்று சொல்லிப் பார்த்தார். நாம் சிரித்தோம். (சரியாகத்தான் சிரித்தோம்.)

2020 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் 16 சதவீதப் புள்ளிகளில் வென்ற மாநிலம் அது. மர்பியின் வித்தியாசம் வெறும் 3 புள்ளிகள். பேச வேண்டியது அதைத்தான்.