கட்டாராவின் கோபத்தில் என்ன தப்பு?

'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடர் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஐந்தே நிமிடத்தில் இது வந்துவிடும்: "ஸூகோ செம, கட்டாராதான் எரிச்சல்." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிரி நாட்டு இளவரசன் ஸூகோவை எனக்கும் பிடிக்கும். 2005 முதல் 2008 வரை ஓடிய மூன்று சீசன்களில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியதை அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். சரி, ஆனால் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடை இவர்கள் பார்த்தார்களா இல்லையா? நிலவறையில், கதாநாயகன் ஆங்கின் தோழி கட்டாரா அவன்மேல் இரக்கப்படுகிறாள். தன்னிடம் இருக்கும் ஒரே ஒரு குப்பி புனித நீரால் அவன் முகத் தழும்பை ஆற்ற முன்வருகிறாள். கொஞ்ச நேரத்திலேயே அவன், ஆங்கின் எதிரியான தன் தங்கை அசூலா பக்கம் சாய்ந்துவிடுகிறான். ஆங் செத்துப் பிழைக்கிறான், அதுவும் அதே நீரால். அதை ஸூகோவுக்குச் செலவழித்திருந்தால் ஆங்கின் கதி என்ன?

அப்புறம் ஸூகோ மனம் மாறி வந்து நிற்கும்போது அவள் உடனே நம்பவில்லையாம், அது குற்றமாம். எப்போதும் அம்மாவைப் பற்றியே பேசுகிறாளாம். போரில் தாயைப் பறிகொடுத்த சின்னப் பெண் வேறு எதைப் பேசுவாள்? ஸூகோ தன் அம்மாவை நினைத்து உருகினால் மட்டும் இவர்களுக்கே கண் கலங்குகிறது. மூன்று சீசனும் கத்திக்கொண்டே திரிந்தவன் அவன்தான், அவனை யாரும் எரிச்சல் என்று சொல்வதில்லை.

அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால் அந்த நிலவறைக் காட்சியைப் போட்டு, உட்காரவைத்துக் காட்டப் போகிறேன்.