ஹை ரிஸ்க் என்று எழுதினால் போதுமா?

கர்ப்பிணிகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் கிடப்பதில்லை. பதிவு செய்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் எப்போது ஏறும் என்பது வரை விவரமாகச் சொல்வார்கள். ஆனால் உன் கர்ப்பிணி அட்டையில் ஏன் ‘ஹை ரிஸ்க்’, அதாவது ஆபத்து அதிகம், என்று எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முக்கூடல் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “நர்ஸம்மா ஏதோ எழுதியிருக்காவ, நமக்கென்ன தெரியும்?” அவளுக்கு முதல் பிள்ளை சிசேரியன், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 பாயிண்ட்.

ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள் என்று மனக்கணக்குப் போடுகிறவளுக்கு, அந்தப் பாயிண்ட் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து என்பது புரியாதா என்ன? ரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்காது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில்தான் நிறையத் தாய்மார் சாகிறார்கள், அதுக்குத்தான் இந்த மாத்திரை என்று நேராகச் சொல்லிக் கொடுத்தால், இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று வீட்டில் சொல்கிறவர்களிடம் பதில் பேச அவளுக்கு ஒன்று இருக்கும். (கருப்பாகப் போவது மலம்தான். அப்படியே பிள்ளை கருப்பாகப் பிறந்தால்தான் என்ன, நம்மில் யார் வெள்ளை?) டீ குடித்த கையோடு மாத்திரை போட்டால் சத்து ஒழுங்காக ஏறாது, அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு இதைவிடப் பயம் பிரஷர்தான். அது 140/90 என்கிற ஆபத்து அளவைத் தொட்டாலும் பல பேருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. முகமும் கையும் வீங்கினால் நீர் கோத்திருக்கு, பிள்ளை பெத்தா வத்திரும் என்பார்கள். தலை பிளக்கிற மாதிரி வலித்தால் கண்ணூறு கழிப்பார்கள். கழியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வத்தலை அடுப்பில் போட்ட கையோடு 108-க்கும் போன் போடுங்கள். விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி இதெல்லாம் பிரஷர் ஏறி வலிப்பு வருவதற்கு முன்னால் உடம்பு சொல்லி விடுகிற தாக்கல். சில பேருக்கு அந்த வலிப்பு பிரசவம் முடிந்த பிறகும் வரும்.

அப்புறம் இந்த வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, சீர் செய்து, தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம், அட்டை மாமியார் வீட்டு பீரோவிலேயே கிடக்கிறது. தாய் வீட்டுப் பக்கம் உள்ள நர்ஸுக்கு இவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நடு ராத்திரியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினால், பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது.

2018-20 கணக்கில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் 54. நாம் பரவாயில்லைதான், சரி. அந்த 54-லும் பிரசவம் முடிந்து 42 நாள் வரை நடக்கிற சாவுகள் சேர்த்தி. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எல்லார் கண்ணும் தொட்டில் பக்கம் போய்விடும். பச்சை உடம்புக்காரிக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்போம், அவளுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, மறுபடி ரத்தம் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ பச்சை உடம்புன்னா அப்படித்தான் என்று இரண்டு நாள் ஓட்டிவிடுவோம்.

இன்னொன்று, தெரிந்துகொள்ள வேண்டியது கர்ப்பிணி மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது? அவள் தலை வலிக்கிறது என்றால், வண்டி பிடிக்கலாமா, விடியட்டுமா என்று முடிவு எடுப்பது மாமியாரோ மாப்பிள்ளையோ. மாதம் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு நடக்கிற சிறப்புப் பரிசோதனைக்குப் போய்ப் பாருங்கள், பெண்கள் உள்ளே வரிசையில் நிற்பார்கள், மாப்பிள்ளைமார் வெளியே பைக்கில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட்டு, இந்தக் காரணத்தால் உன் வீட்டுக்காரிக்கு ஆபத்து அதிகம், இன்னது நடந்தால் உடனே கிளம்பணும், இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்று அட்டையில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்.