இரட்டை அம்புக்குறி

காலை ஐந்தரை மணிக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஆஜர். "இதை எந்தச் செய்தித்தாளும் வெளியிடாது!" வெளியிடாதுதான், நடந்திருந்தால்தானே வெளியிடுவதற்கு? செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி, பலமுறை கைமாறியது என்ற எச்சரிக்கை. அவருக்கோ அது தரச் சான்று.

2019இல், ஒரு நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்றது வாட்ஸ்அப். 2020இல், அதிகம் சுற்றிய செய்தி என்றால் ஒன்றே ஒன்றுக்குத்தான் என்றது. அதனால் என்ன? சித்தப்பா பொறுமைசாலி. கட்டைவிரல் தேயத் தேய, ஒவ்வொன்றாக இருபது குழுக்களுக்கும் அனுப்பிவிடுகிறார். இந்த உழைப்பில் கால்வாசியை அதைப் படிப்பதில் காட்டக் கூடாதா?

என்றோ எடுத்த வெள்ளப் படம் இன்று எதிர்க்கட்சி உடைத்த அணையாகிறது. ஏதோ ஒரு நாட்டுத் திருவிழாக் கூட்டம் தலைவருக்குத் திரண்ட கூட்டமாகிறது. "இது பொய், சித்தப்பா" என்று ஆதாரத்தோடு எழுதினால், கைகூப்பும் பொம்மை ஒன்று வருகிறது. கூடவே, "எனக்கு வந்தது, அனுப்பினேன்." நீங்கள் என்ன தபால் பெட்டியா?

தெருவிளக்கு எரியவில்லை, இரண்டு வரி புகார் எழுதுங்கள் என்றால் மட்டும், "அதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?"

இதோ, மறுபடியும் சிணுங்குகிறது. "அவசரம். அழிக்கப்படும் முன் பகிரவும்."