மணிக்கட்டுக்கு 75,000 ரூபாயாம்

காலைல பத்து மணி, மண்டைய பொளக்குற வெயில். அந்த நேரத்துல நடந்த ஆக்சிடென்ட்டுக்கு, "உங்க சைக்கிள்ல டைனமோ லைட் எரிஞ்சுதா, பின்னாடி ரிஃப்ளெக்டர் இருந்துச்சா"ன்னு கூண்டுல ஏத்தி நிக்க வச்சு கேக்குறாரு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல். எங்க சித்தப்பா சூதுவாது தெரியாத மனுஷன், "டைனமோ ரிப்பேருங்க ஐயா"ன்னு உள்ளத சொல்லிட்டாரு. அவ்ளோதான், ரெக்கார்டுல ஏறிடுச்சு. இப்ப அத வச்சு சைக்கிள்காரர் மேலயும் தப்பு இருக்கு, 25 பர்சென்ட் கழிக்கணும்னு வாதம் பண்றாங்க. பின்னாலருந்து கார்ல வந்து தூக்கி அடிச்சவன் போன் பேசிட்டு வந்தானா தூங்கிட்டு வந்தானான்னு கேக்க ஒரு நாதி இல்ல, ஏன்னா அவன் கோர்ட்டு பக்கமே வரல, எக்ஸ்பார்ட்டி!

சித்தப்பா மர ஆசாரி. 52 வயசு. வேலைக்கு போனா நாளுக்கு ஆயிரம் ரூபா கூலி. வலது மணிக்கட்டு நொறுங்கி உள்ள ப்ளேட் வச்சிருக்கு. இதுக்கு நஷ்டஈடு வாங்கலாம்னு கிளம்பினதுலருந்து எங்க குடும்பம் படுற பாடு இருக்கே, அடிபட்ட வலியே தேவலாம்னு அவரே சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு.

முதல் கூத்து ஆஸ்பத்திரிலயே ஆரம்பிச்சுது. கேஷுவால்டில ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு எழுதும்போது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்காங்க, கூட தூக்கிட்டு வந்த யாரோ ஒரு புண்ணியவான் பதட்டத்துல "சைக்கிள்லருந்து விழுந்துட்டாரு"ன்னு சொல்ல, அப்படியே எழுதிட்டாங்க. காரும் இல்ல, கார் நம்பரும் இல்ல. தானா விழுந்தவனுக்கு எந்த கம்பெனி காசு குடுக்கும்? டீக்கடை பையன் ஒருத்தன் நம்பர் பிளேட்ட போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்ததால பொழச்சோம், இல்லன்னா கேஸே கிடையாது. அதனால சொல்றேன், உங்க வீட்ல யாருக்காவது அடிபட்டா ரத்தத்த துடைக்கிற அதே நேரத்துல ஏ.ஆர்.ல என்ன எழுதுறாங்கன்னு எட்டிப் பாருங்க. சாகக் கிடக்கிறவன் பக்கத்துல நின்னுகிட்டு பேப்பர் பாக்க வேண்டிய நிலைமை, என்னத்த சொல்ல.

கவர்மென்ட்டோட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரம் காசு கேக்கல, அத மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனா வீக்கம் வத்தினாதான் கத்தி வைக்க முடியும்னு மூணாவது நாள்தான் ஆபரேஷன் வச்சாங்க, காப்பீட்டு அட்டைல அவர் பேர் விட்டுப்போயிருந்துச்சு, அப்புறம் என்ன, சித்தி காதுல கிடந்தது அடகுக் கடைக்கு போச்சு.

ஸ்டேஷன்ல இன்னொரு கதை. கார்க்காரன் வந்து 5,000 ரூபாய மடிச்சு சித்தி கைல திணிச்சுட்டு "கேஸு கீஸுன்னு அலைய வேணாம்க்கா, உங்களுக்குதான் சிரமம்"னான். அக்காவாம்! அங்க இருந்த ஏட்டும் "பேசி முடிச்சுக்கங்கம்மா, கோர்ட்டுக்கு போனா வருஷக்கணக்கா இழுப்பாங்க"ன்னு ஒத்து ஊதுறாரு. பேசுங்க பேசுங்கன்னு நாளக் கடத்தி எஃப்.ஐ.ஆர். போட லேட் பண்ணது அவங்க. இப்ப கோர்ட்ல என்ன கேக்குறாங்க தெரியுமா? "ஏன் புகார் குடுக்க இவ்ளோ தாமதம், ஜோடிச்ச கேஸ்தானே இது?" இழுத்தடிச்சது ஒருத்தன், பதில் சொல்றது இன்னொருத்தன்.

சட்டப் புத்தகத்துல எப்படி எழுதியிருக்குன்னு படிச்சா ரத்தக்கொதிப்பே வரும். 2022-லருந்து நடைமுறைல இருக்கிற ரூல்ஸ்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் முதல் விபத்து அறிக்கைய ட்ரிப்யூனலுக்கும் (விபத்து நஷ்டஈடு கேஸ பாக்குற கோர்ட்டு) இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 50 நாள்ல இடைக்கால அறிக்கை, 90 நாள்ல முழு அறிக்கை. அந்த முழு அறிக்கையவே மனுவா எடுத்துக்கலாம்னு சட்டம் சொல்லுது. அதாவது அடிபட்டவன் வீட்ல படுத்திருப்பானாம், பேப்பர்லாம் தானா நடந்து போகுமாம். எங்க கேஸ்ல பேப்பருக்கு காலே இல்ல, நாங்கதான் தூக்கிட்டு நடந்தோம். ஏ.ஆர். காப்பிக்கு ஒரு ஆபீஸ், வூண்ட் சர்டிபிகேட்டுக்கு ஒரு ஆபீஸ், மோட்டார் வாகன ஆய்வாளர் குடுக்குற எம்.வி.ஐ. ரிப்போர்ட், விபத்து நடந்த இடத்தோட ரஃப் ஸ்கெட்ச், சார்ஜ் ஷீட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் "ஐயா பந்தோபஸ்து போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க". இதுல நம்ம தலைக்கு மட்டும் கெடு வச்சிருக்காங்க, மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல, நஷ்டஈடு கேக்குற 166-ம் பிரிவு மனு போட 6 மாசம்னு கொண்டாந்துட்டாங்க. போலீஸ் 90 நாள் தாண்டினா யார் தலையும் உருளப் போறதில்ல.

சைக்கிளையும் கேஸ் பொருள்னு ஸ்டேஷன்ல வாங்கி வச்சிருந்தாங்க. திரும்ப எடுக்கப் போனப்போ சீட்ட காணோம், பின் ரிம்மு எட்டா வளைஞ்சு கிடக்கு, கேரியர்ல கட்டியிருந்த உளிப் பையும் காணோம். பொருள் சேதத்துக்கும் கேக்கலாமேன்னு வக்கீல்கிட்ட சொன்னா "சைக்கிள் வாங்கின பில் இருக்கா"ங்கிறாரு. எங்க தாத்தா வாங்கிக் குடுத்த சைக்கிளுங்க அது!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், வயிறு எரியறதே இதுக்குத்தான். மெடிக்கல் போர்டுல கைய நீட்டு, மடக்கு, விரல மூடுன்னு பாத்துட்டு 15 பர்சென்ட் ஊனம்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. அவரால டீ கிளாஸ தூக்க முடியும்தான். சட்டை பட்டன் போட முடியும், சோறு பிசைஞ்சு சாப்பிட முடியும். ஆனா இழைப்புளிய புடிச்சு ரெண்டு தள்ளு தள்ளினா மணிக்கட்டு வெடவெடன்னு ஆடுது, உளில ஒரு அடி அடிச்சா அந்த அதிர்வு தோள்பட்டை வரைக்கும் ஏறி கண்ணுல தண்ணி வருது. ஆசாரிக்கு வலது மணிக்கட்டு போச்சுன்னா 15 பர்சென்ட்டா போச்சு? பொழப்பே போச்சுய்யா!

இது நான் உணர்ச்சிவசப்பட்டு பேசுறது இல்ல. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் 2010-லயே தெளிவா சொல்லிடுச்சு, டாக்டர் போடுற பர்சென்ட்ட அப்படியே சம்பாத்திய இழப்பா எடுக்காதீங்க, அந்த ஆளு என்ன வேலை பாக்குறாருன்னு பாருங்கன்னு. ஒரு கை போனா டிரைவருக்கும் தச்சருக்கும் பொழப்பே போகலாம், கவர்மென்ட் கிளார்க்குக்கு வேலை போகாம கூட இருக்கலாம்னு தச்சரையே உதாரணமா காட்டியிருக்காங்க. எங்க சித்தப்பாவுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

கணக்கு போட்டு பாருங்க. மாச வருமானம் 15,000-னு கோர்ட் ஒத்துக்கிட்டா வருஷத்துக்கு 1,80,000. 52 வயசுக்கு மல்டிப்ளையர், அதாவது வருஷ வருமானத்த வயச வச்சு பெருக்குற எண், 11. சம்பாதிக்கிற திறன்ல 60 பர்சென்ட் போச்சுன்னு எடுத்தா 11,88,000 வரும். அதே 15 பர்சென்ட்ட வச்சு போட்டா 2,97,000. இன்சூரன்ஸ்காரன் அதையும் ஒத்துக்கல, மல்டிப்ளையரே வேணாம், பர்சென்ட்டுக்கு 5,000 வீதம் 75,000 தர்றோம், லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம்ங்கிறான். 25 பர்சென்ட் கழிக்காம விடுறதே பெரிய சலுகையாம். மாட்டு சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு விலை பேசுற மாதிரி ஒரு மனுஷனோட கைக்கு விலை பேசுறானுங்க.

அந்த 15,000-க்கும் சண்டைதான். "ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா, சம்பள சர்டிபிகேட் இருக்கா?" எந்த ஊர்ல ஆசாரிக்கு பே ஸ்லிப் குடுக்குறாங்க? வீட்டுக்கு வீடு நிலையும் கதவும் செஞ்சு போட்டவருக்கு, வாங்கின கூலிக்கு சாட்சி சொல்ல ஒரு மேஸ்திரி வரமாட்டேங்குறாரு, கோர்ட்டுன்னாலே எல்லாருக்கும் பயம்.

தப்பு யார் மேலன்னு நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் வாங்குற மாதிரி 164-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அத வாங்கிட்டா 166 மனு காலி, சரி, எது நல்லதுன்னு யோசிச்சு முடிவு பண்ற உரிமையாவது எங்களுக்கு உண்டா இல்லையா? எங்க வக்கீல் அப்படி ஒண்ணு இருக்குன்னே வாயத் திறக்கல. நானே தேடிப் படிச்சு கேட்டப்புறம் "அதெல்லாம் வேணாம் தம்பி, பெரிய அமௌண்ட்டா அடிப்போம்"னாரு. அடிக்கிற அமௌண்ட்டுல அவருக்கு பங்கு. பார் கவுன்சில் விதிப்படி ஜெயிக்கிற தொகைல பங்கு பேசவே கூடாது, ஆனா கோர்ட் வாசல்ல அத சொன்னா நம்மள வேற்றுகிரகவாசி மாதிரி பாக்குறாங்க.

இப்ப நிலவரம் என்னன்னா, மே மாசம் கோர்ட் லீவு, ஜூன்ல வாய்தா. அதுக்குள்ள ப்ளேட்ட எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, முன்பணம் கட்டினாதான் பெட்டாம். அந்த செலவ கேஸ்ல சேக்கணும்னா ஆபரேஷனுக்கு முன்னாடி எஸ்டிமேட் வாங்கி மனு போடணுமா, முடிஞ்சப்புறம் பில்லு வச்சா போதுமான்னு கேக்க காலைலருந்து வக்கீலுக்கு போன் அடிச்சுட்டு இருக்கேன். எடுக்கல. இப்ப ஸ்விட்ச் ஆஃப்.