சேக்காளி கேட்டது குத்தமா?

நேத்து எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைப் பாதிப் பேர் பாத்திருப்பீங்க. மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும், அதனால முழுசா விளக்கப் போறதில்ல.

"காலையில நடக்கப் போறேன், துணைக்கு யாராச்சும் வர்றீங்களா? பேசிட்டே போகலாம்"னு கேட்டேன். அவ்வளவுதான். "நாப்பத்தி மூணு வயசுல சேக்காளி தேடுதியளாக்கும்? வீட்ல சோலி இல்லையோ?"ன்னு பதில். சேக்காளின்னா இங்க கூட்டாளி. அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. பதினேழு. ஆமா, எண்ணினேன்.

கேட்டதுல என்ன தப்புங்க?

கோபிச்செட்டிபாளையத்துல நான் யாரையும் கேட்டதில்ல. பள்ளிக்கூடத்துல பத்து வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்தோம், கேக்காமலே சிநேகிதி ஆயிட்டோம். வீட்டுக்காரருக்கு மாறுதலாகி 2023 ஜூன்ல திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வந்தேன். இங்க எனக்கு அந்த பெஞ்சு இல்ல. இந்த வயசுல வாயைத் திறந்து கேட்டாத்தான் உண்டு.

"நெல்லைக்காரங்க பாசக்காரங்க, நீங்கதான் பழகத் தெரியாதவங்க"ன்னு சொல்ல வருவீங்க. பாசக்காரங்கதான். நான் மறுக்கவே இல்ல. அந்த டிசம்பர் 17ஆம் தேதி மழையில தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்ப, கீழ் வீட்டு அக்கா சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிட்டு எங்க மாடிக்கு வந்தாங்க. கரண்டு இல்ல, போன் இல்ல. நான் தேங்காய் துருவ, அவங்க கையாலயே பால் பிழிஞ்சு சொதி வச்சாங்க. "முதப்பாலு ஊத்தின பொறவு கொதிக்க விட்றாத, திரிஞ்சு போவும்"னு என் கையில இருந்த கரண்டியைப் பிடுங்கினாங்க. 'விட்றாத'! இந்த ஊர்ல என்னை 'நீ'ன்னு கூப்பிட்ட முதல் ஆள். மூணு நாள் 'நீ'தான். நாலாம் நாள் கரண்டு வந்துச்சு, கீழ போனாங்க. அடுத்த வாரம் படியில பாத்தப்ப "நல்லாருக்கியளா?"ன்னாங்க.

அவங்க மேல கோபமில்ல. ஆனா அந்த 'நீ' எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

வந்த புதுசுல பேச்சுக் கொடுத்தவங்க எல்லாரும் ரெண்டாவது கேள்வியா "உங்க சாஸ்தா கோயில் எங்க?"ன்னு கேட்டாங்க. எங்க பக்கமும் குலதெய்வம் உண்டு, அந்தக் கேள்வி எதுக்குன்னு எனக்கும் தெரியும். நான் யாரு, எந்த ஆளுகன்னு தெரியணும். பதில் சொன்னதும் பேச்சு அதோட நின்னுடும். பங்குனி உத்திரத்தன்னைக்குத் தெருவே காலி, ஆளாளுக்கு அவங்கவங்க சாஸ்தாவுக்குப் போயிட்டாங்க. நான் வாசல்ல உக்காந்திருந்தேன்.

"கோயில் குளம்னு போங்க, நாலு பேர் பழக்கமாவாங்க"ன்னு ஒரு யோசனை. ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன். எல்லாரும் அவங்கவங்க ஆளோட வராங்க, அவங்களோடயே போறாங்க.

"புருசன், புள்ள இருக்கும்போது எதுக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு நான் பதிலே சொல்லப் போறதில்ல. வேணும். அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். போன மாசம் இதே குரூப்புல ஒருத்தர் "சாயந்தரம் ஷட்டில் ஆட ஆள் வேணும்"னு போட்டார். அவருக்கு அம்பது வயசு இருக்கும். அன்னைக்கே ஆறு பேர் போனாங்க. அவர்கிட்ட யாரும் சோலி இல்லையான்னு கேக்கல. ஆம்பளை கேட்டா விளையாட்டு, நான் கேட்டா சிரிப்பா? சிரிச்ச பதினேழு பேர்ல ஒன்பது பேர் பொம்பளைங்க. அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

கேட்டேன். இனியும் கேப்பேன். பதிவை அழிக்கச் சொன்னவங்களுக்கும் இதுதான் பதில், அழிக்க மாட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத் தனியா ஒரு மெசேஜ் வந்துச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன். "யக்கா, நானும் வாரேன். குரூப்புல மட்டும் சொல்லிராதிய."

காலையில அஞ்சரைக்குத் தெருமுனையில நிப்பேன்.