குழந்தையின் முகத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டுமா?

அக்கா மகனுக்கு இப்போது 11 வயது. ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய், இப்போது நன்றாக இருக்கிறான். போன மாதம் வகுப்பில் ஒரு பையன் மொபைலை நீட்டி, "இது நீதானே?" என்று கேட்டிருக்கிறான். மொட்டைத் தலை, மூக்கில் டியூப், அது நழுவாமல் கன்னத்தின் குறுக்கே பிளாஸ்டர், பின்னணியில் சோக வயலின். அவன் சிகிச்சை பெற்றபோது, நன்கொடை திரட்டும் அமைப்பு ஒன்று எடுத்த வீடியோ. வீட்டுக்கு வந்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் அழுததை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் பணம் திரட்டுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். இந்த நோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் இழுக்கும். பெற்றவர்களில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். கேட்காமல் யார் தருவார்கள்? கேட்கட்டும். கேட்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை.

1948 மே 22. அமெரிக்காவின் பாஸ்டனில், டாக்டர் சிட்னி ஃபார்பரிடம் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த 12 வயதுப் பையனோடு ரேடியோவில் நேரலையில் பேசுகிறார்கள். அவனுக்குப் பிடித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வருகிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு, சுருதி எங்கேயோ போகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் சேர்ந்தால், ஆட்டம் பார்க்க இவனுக்கு ஒரு டிவி என்று அறிவிக்கிறார்கள். சேர்ந்ததோ இரண்டு லட்சத்துக்கும் மேல்! டிவியும் வந்தது.

ஆனால் அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லவில்லை, 'ஜிம்மி' என்றுதான் அழைத்தார்கள். ரேடியோ என்பதால் முகமும் இல்லை. நேயர்களுக்குக் கிடைத்தது ஒரு சிறுவனின் குஷி மட்டும். அன்று தொடங்கிய ஜிம்மி ஃபண்ட் இன்றும் நடக்கிறது.

பையன் இறந்திருப்பான் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1998ல்தான் தெரிந்தது, ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி டிரைவர்தான் அந்த ஜிம்மி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதுவரை யாருடைய 'ஐயோ பாவம்' பார்வையும் இல்லாமல் பிழைப்பைப் பார்த்திருக்கிறார்.

முகத்தைக் காட்டினால்தான் பணம் வரும் என்பார்கள். வரலாம், நானே அப்படிக் கொடுத்தவன்தான். அதற்காக வாந்தி எடுக்கும் நேரத்திலா கேமரா வைப்பது? அப்புறம், சம்மதம் என்று ஒரு கையெழுத்து வாங்குகிறார்களே, அடுத்த வேளை மருந்துக்குப் பணம் தேடி அலையும் அம்மா எந்தப் படிவத்தைத்தான் படித்துப் பார்ப்பாள்? அக்காவும் படிக்கவில்லை. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், சிகிச்சை முடிந்தால் எடுத்துவிடுவார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

வீடியோவை நீக்கச் சொல்லி மூன்று மெயில் அனுப்பிவிட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில்: "உங்கள் ஆதரவுக்கு நன்றி." கீழே நன்கொடை லிங்க்.